நெஞ்சு ஆபரேஷனுக்குப் பிறகு எங்கே படுப்பது? கட்டில், சாய்வுத் தலையணை, ரிக்ளைனர்: ஓர் ஒப்பீடு

"அப்பாவை நாளை மறுநாள் டிஸ்சார்ஜ் செய்கிறார்கள். ரிக்ளைனர் சாய்வு நாற்காலி வாங்கிவிடவா, வீட்டுக் கட்டிலே போதுமா?" இந்தக் கேள்வி எனக்கு அடிக்கடி வருகிறது. கேட்பவர் பெரும்பாலும் மகளாகவோ மருமகளாகவோ இருப்பார். ஆபரேஷன் செய்துகொண்டவரே கேட்பது அபூர்வம். அவருக்கு அந்தச் சமயத்தில் அடுத்த இருமலைத் தவிர வேறு கவலை இருக்காது.

எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கு நெஞ்செலும்பைப் பிளந்து ஆபரேஷன் ஆகியிருக்கிறது. முதலில் அப்பாவுக்கு பைபாஸ். சில வருடம் கழித்து எனக்கு வால்வு மாற்றினார்கள். அப்பா ரிக்ளைனர் கட்சி, நான் கட்டில் கட்சி. இரண்டு பக்கத்திலும் நல்ல இரவும் பார்த்தாயிற்று, எப்போது விடியும் என்று கடிகாரத்தையே பார்த்துக் கிடந்த இரவும் பார்த்தாயிற்று. அந்த அனுபவத்தையும், பிசியோதெரபிஸ்டுகளிடமும் மருத்துவர்களிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. உங்கள் சர்ஜன் டிஸ்சார்ஜ் தாளில் வேறு மாதிரி எழுதியிருந்தால் அதையே கேளுங்கள்.

## எதை வைத்து எடைபோடுவது

நெஞ்செலும்பை மேலிருந்து கீழாக அறுத்துத் திறக்கிறார்கள். வேலை முடிந்ததும் ஸ்டீல் கம்பிகளால் முறுக்கிக் கட்டுகிறார்கள். பொதுவாக ஆறு முதல் எட்டுக் கம்பி இருக்கும். கம்பி எலும்பைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். எலும்பு கூடுவது அதன் போக்கில்தான். ஓரளவு ஒட்ட ஆறு முதல் எட்டு வாரம், நன்றாக இறுக மூன்று மாதம் என்பது பொதுவான கணக்கு. கைக்கும் நெஞ்செலும்புக்கும் நடுவே மார்புத் தசை இழுத்துக் கட்டினாற்போல் இருக்கிறது. அதனால் ஒரு கையைப் பின்னால் ஊன்றி எம்பினாலும், கட்டில் சட்டத்தைப் பிடித்து இழுத்தாலும், அந்த இழுப்பு நேராக அறுத்த இடத்தில் போய் இறங்கும்.

இது எனக்குப் புத்தி வந்தது வீட்டுக்கு வந்த முதல் இரவில். என் கணவர் ஐந்து தலையணையை அடுக்கி, அரியணையில் வைப்பதுபோல என்னைச் சாய்த்துவிட்டுப் போனார். படுத்தது சொகுசாகத்தான் இருந்தது. இரவு இரண்டு மணிக்குச் சிறுநீர் முட்டியது. எழ முடியவில்லை. வலது கை தன்னிச்சையாக மெத்தையில் ஊன்றப் போனது. நெஞ்சுக்கு நடுவில் சுரீரென்று பிடித்துக்கொண்டது. அவரைக் கூப்பிட்டேன். பாவம், பதறி ஓடிவந்து என் இரண்டு மணிக்கட்டையும் பிடித்து இழுத்தார். அதைவிட மோசமான யோசனை வேறு கிடையாது. அன்றைக்கு நான் போட்ட சத்தத்தில் தெரு விழித்திருக்கும்.

அதனால் எந்த ஏற்பாட்டையும் நான் இந்த வரிசையில்தான் பார்ப்பேன்.

எழுவது. இரவு இரண்டு மணிக்கு, அரைத்தூக்கத்தில், கையை அகல ஊன்றாமல் அங்கிருந்து எழ முடிகிறதா? முதல் கேள்வியும் பெரிய கேள்வியும் இதுதான். படுத்துப் பார்த்து வாங்குகிறவர்கள் இதைக் கேட்பதே இல்லை.

சாய்மானம் நிற்கிறதா. முதல் வாரங்களில் முதுகோடு சேர்த்துத் தலைப்பக்கம் ஏறத்தாழ 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருந்தால் மூச்சு எளிதாகும், எழும் தூரமும் குறையும். ஆனால் அந்தச் சாய்வு விடியும்வரை நிற்க வேண்டும். பாதி இரவில் உடம்பு வழுக்கிக் கீழே போய்விட்டால், மேலே வர மறுபடி கையைத்தான் ஊன்றியாக வேண்டும்.

கால். பைபாஸில் காலிலிருந்து ரத்தக்குழாய் எடுத்திருந்தால் அந்தக் கால் வீங்கும். தொங்கப்போட்டால் இன்னும் வீங்கும்.

வலி எங்கே. நெஞ்சு வலிக்கும் என்று எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். ஆனால் பலருக்கு அதைவிட முதுகுதான் உயிரை எடுக்கும். ஆபரேஷனின்போது விலாக்கூட்டை விரித்தே வைத்திருப்பதால், விலா எலும்புகள் முதுகெலும்போடு சேரும் இடங்களில் இழுவிசை விழுகிறது. தோள்பட்டைகளுக்கு நடுவில் யாரோ முஷ்டியால் குத்திக்கொண்டே இருப்பது போலிருக்கும். மார்புக்குள் ஓடும் தமனியை பைபாஸுக்கு எடுத்திருந்தால், அநேகமாக இடப்பக்க மார்பில் எரிச்சலும் மரத்துப்போன உணர்வும் சட்டை பட்டாலே கூசுவதும் வரும். எது உங்கள் வலியோ, அதற்கேற்ற இடம் வேறு.

பக்கத்தில் யார், எத்தனை வாரத்துக்கு. தனியாக இருப்பவருக்கும், கூப்பிட்டால் ஆள் வருகிறவருக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது.

இங்கே ஒரு சேதி. கையை ஊன்றவே கூடாது என்ற பழைய கண்டிப்பு இப்போது எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை. உடம்பைச் சுற்றி ஒரு குழாய் இருப்பதாக நினைத்துக்கொண்டு, மேல் கையை விலாவோடு ஒட்டி வைத்தால் எழும்போது லேசாக ஊன்றலாம் என்று சொல்லும் மருத்துவர்கள் இருக்கிறார்கள். முழங்கை உடம்பை விட்டு விலகும்போதுதான் எலும்பின்மேல் பாரம் கூடுகிறது என்பது அவர்கள் வாதம். ஆறு முதல் பன்னிரண்டு வாரம்வரை எதையும் ஊன்றாதே, நாலைந்து கிலோவுக்கு மேல் தூக்காதே என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். உங்கள் சர்ஜன் எந்தப் பக்கம் என்று டிஸ்சார்ஜுக்கு முன்பே கேட்டுவிடுங்கள். எந்தப் படுக்கை என்ற முடிவில் பாதி அந்தப் பதிலிலேயே இருக்கிறது.

## சாதாரணக் கட்டிலும் தலையணை அடுக்கும்

செலவில்லாத வழி. வீட்டில் இருப்பதை வைத்தே தொடங்கலாம். ஆனால் எல்லோரும் செய்யும் தவறு, தலைக்குக் கீழே மட்டும் அடுக்குவது. அப்படிச் செய்தால் கழுத்து மடங்கும், முதுகு தட்டையாகவே கிடக்கும். அடுக்கு இடுப்புக்குக் கொஞ்சம் மேலிருந்தே படிபோல ஏற வேண்டும். தொடைக்குக் கீழே ஒரு தலையணை வைத்தால் உடம்பு வழுக்காது.

எழும் முறையைப் பழகிவிட்டால் கட்டிலைப் போல வசதி வேறில்லை. முழங்கால் இரண்டையும் மடக்கு. நெஞ்சின்மேல் ஒரு தலையணையை அணைத்துக்கொள். தோளும் இடுப்பும் ஒன்றாக, மரக்கட்டை உருள்வதுபோல விளிம்புப் பக்கம் திரும்பு. கால்களை விளிம்புக்கு வெளியே விடு. கால் இறங்கும் பாரத்தில் மேலுடம்பு தானாக ஏறும். கீழே இருக்கும் முழங்கையை விலாவோடு ஒட்டியபடி கொஞ்சம் உதவவிடலாம். உட்கார்ந்ததும் ஒரு நிமிடம் அப்படியே இரு. ரத்த அழுத்த மாத்திரைகள் புதிதாக ஆரம்பித்திருக்கும். சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். இதை ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே பிசியோவின் கண்முன் நாலைந்து தடவை செய்து பாருங்கள். வீட்டுக்கு வந்து இரவில் கற்றுக்கொள்கிற பாடமில்லை.

மறைந்திருக்கும் செலவு: மெத்தை. நடுவில் குழிந்த பழைய மெத்தையில் இந்த உருளல் நடக்காது. உயரமும் முக்கியம். விளிம்பில் உட்கார்ந்தால் பாதம் தரையில் முழுதாகப் பதிய வேண்டும், முழங்கால் இடுப்பைவிடத் தாழ்ந்திருந்தால் நல்லது. தரையில் விரித்துப் படுப்பதைப் பற்றிக் கேட்கிறார்கள். படுப்பதில் பிரச்சினை இல்லை, ஆனால் தரையிலிருந்து கையூன்றாமல் எழுவது இருபது வயதுக்காரருக்கே சிரமம். மூன்று மாதம் வேண்டாம்.

யாருக்கு: ஓரளவு உடல் வளைந்துகொடுப்பவர், தட்டையாகப் படுத்தால் மூச்சு முட்டாதவர், காலில் ரத்தக்குழாய் எடுத்தவர், கட்டிலில் படுத்தால்தான் தூங்கினேன் என்று ஒப்புக்கொள்கிறவர்.

## முக்கோணச் சாய்வுத் தலையணை

தலையணை அடுக்கின் பெரிய வியாதி, இரவில் கலைந்துபோவது. அதைத் தீர்க்க வந்ததுதான் ஒரே துண்டாக ஃபோமில் செய்த முக்கோணத் தலையணை. சாய்வு மாறாது, முதுகு முழுவதையும் தாங்கும், கட்டிலில் பழகிய இடத்திலேயே படுக்கலாம். எனக்கு இரண்டாவது வாரம் இது வந்தது. அன்றைக்குத்தான் முதன்முதலாக மூன்று மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்கினேன்.

குறை இல்லாமல் இல்லை. சரிவில் படுத்தால் உடம்பு வழுக்கும். தொடைக்குக் கீழே தலையணை கண்டிப்பாக வேண்டும். ஃபோம் முதுகைச் சூடாக்கும். முதல் வாரங்களில் இரவில் வியர்ப்பது சகஜம் என்பதால் இந்தச் சூடு கூடுதல் தொல்லை; மேலே பருத்தித் துணி விரியுங்கள், மாற்றுத் துணியைக் கை எட்டும் இடத்தில் வையுங்கள். குட்டையான தலையணை வாங்கினால் விளிம்பு நடு முதுகில் குத்தும். தலை முதல் இடுப்புவரை நீளம் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். தோள்பட்டை நடுவில் வலி உள்ளவர்களுக்குக் கெட்டி ஃபோம் ஒத்துக்கொள்ளாமலும் போகலாம்.

பின்னால் நெஞ்செரிச்சல் இருந்தால்கூடப் பயன்படும் பொருள் என்பதால், ஆறு வாரத்துக்கென்று வாங்கியது வீணாகாது. என்னைக் கேட்டால் பெரும்பாலானவர்களுக்கு இங்கேதான் முதலில் கை வைக்கச் சொல்வேன்.

## ரிக்ளைனர்

ரிக்ளைனரில் தூங்கினால்தான் நெஞ்சு ஆபரேஷன் தேறும் என்று ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது. தேறும் என்பதல்ல, சிலருக்கு எளிதாகும். சாய்வு நிலையாக இருக்கும். இரண்டு பக்கமும் கை வைக்க இடம் இருப்பதால் தூக்கத்தில் புரண்டுவிடுவோம் என்ற பயம் இல்லை. பாதி உட்கார்ந்த நிலையிலேயே இருப்பதால் எழும் தூரமும் குறைவு. தட்டையாகப் படுத்தால் மூச்சு வாங்குகிறவர், முதுகுத் தொல்லை ஏற்கெனவே உள்ளவர், இடுப்பு உருளாதவர், கட்டிலில் உருண்டு எழுவதை எத்தனை சொல்லிக் கொடுத்தும் மறந்துவிடுகிறவர் ஆகியோருக்கு நல்ல வழி. அப்பா இந்தக் கடைசி வகை.

ஆனால் மறைந்திருக்கும் செலவு அதிகம் உள்ளதும் இதில்தான். முதலாவது, பக்கவாட்டில் இருக்கும் கைப்பிடி. அதை இழுத்துத்தான் சாய வேண்டும், கால்பலகையை மடக்கக் காலால் அழுத்தும்போது கை தானாகக் கைச்சட்டத்தை இறுக்கிப் பிடிக்கும். எந்த இழுப்பைத் தவிர்க்க நாற்காலி வாங்கினோமோ அதையே ஒரு நாளைக்குப் பத்து தடவை செய்வோம். பொத்தான் அழுத்தினால் இயங்கும் மோட்டார் ரகம் என்றால் இந்தச் சிக்கல் தீரும். பதிலுக்கு, சாய்ந்திருக்கும்போது மின்சாரம் போனால் அப்படியே மாட்டிக்கொள்வோம். பேட்டரி வைத்த ரகமா என்று கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் இரவில் அதே அறையில் ஓர் ஆள் படுத்தாக வேண்டும்.

இரண்டாவது, கால். கால்பலகை முழுதாக உயர்ந்தாலும் பல நாற்காலிகளில் கால் நெஞ்சைவிடத் தாழ்ந்தே இருக்கும். அப்பாவுக்கு ரத்தக்குழாய் எடுத்த கால் காலையில் வழவழவென்று பளபளக்கும் அளவுக்கு வீங்கியிருந்தது. அழுத்தினால் விரல் பதிந்த குழி நெடுநேரம் அப்படியே இருக்கும். பகலில் ஒரு மணி நேரம் கட்டிலில் படுக்க வைத்துக் கால் கீழே தலையணை கொடுத்த பிறகுதான் அடங்கியது. மூன்றாவது, ஒரே இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு முட்டிலும் பிட்டத்திலும் தோல் சிவந்து புண்ணாகும் அபாயம்; வயதானவர், சர்க்கரை உள்ளவர், ஒல்லியானவர் கவனம். நான்காவது, இருக்கையின் உயரமும் ஆழமும். கால் தரையில் எட்டாவிட்டால் எழ முடியாது. முதுகு சாய்ந்தால் முழங்கால் மடிப்பு விளிம்புக்கு வராவிட்டால் முன்னால் நகர்ந்து வர வேண்டும், அந்த நகர்வுக்குக் கைதான் வேலை செய்யும்.

எழும்போது: நாற்காலியை முழுதாக நிமிர்த்து. இடுப்பை மாறி மாறி அசைத்து விளிம்புக்கு வா. பாதத்தைப் பின்னுக்கு இழுத்து வை. மூக்கு கால்விரலுக்கு மேலே வரும்வரை முன்னால் சாய்ந்து, தொடையால் எழு. கையை நெஞ்சோடு அணைத்த தலையணைமேல் வைத்துக்கொள்.

வாங்குவதற்கு முன் வாடகைக்கோ இரவலுக்கோ கிடைக்குமா என்று பாருங்கள். தேவை பெரும்பாலும் நாலு முதல் எட்டு வாரம்தான்.

## தலைப்பக்கம் உயரும் ஆஸ்பத்திரிக் கட்டில்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தலையும் முழங்காலும் தனித்தனியே உயரும், உயரத்தை மாற்றலாம், மற்ற எல்லாவற்றையும்விட வசதி. அவ்வளவு வசதி பலருக்குத் தேவையில்லை. மிகவும் தளர்ந்தவர், உடல் எடை அதிகமானவர், ஆபரேஷனோடு பக்கவாதமும் சேர்ந்தவர், இரவில் ஒருவர் தூக்கி உட்கார வைக்க வேண்டியவர் ஆகியோருக்கு வாடகைக்கு எடுப்பது நியாயம்.

ஆபத்து பக்கவாட்டுக் கம்பிகளில் இருக்கிறது. பிடித்து இழுத்து எழத் தூண்டும். தலைக்கு மேலே தொங்கும் பிடிவளையம் இருந்தால் கழற்றி வைத்துவிடுங்கள். கவனித்துக்கொள்கிறவரும் கையையோ அக்குளையோ பிடித்துத் தூக்கக் கூடாது. தோள்பட்டைக்குப் பின்னால் முதுகில் கை கொடுத்துத் தாங்க வேண்டும்.

## ஒரு பார்வையில்

| ஏற்பாடு | இரவில் எழுவது | சாய்வு நிற்குமா | கால் வீக்கத்துக்கு | எதிர்பாராத தொல்லை |
|---|---|---|---|---|
| கட்டில், தலையணை அடுக்கு | உருளத் தெரிந்தால் எளிது | கலையும் | நல்லது | குழிந்த மெத்தை, தாழ்ந்த கட்டில் |
| முக்கோணத் தலையணை | எளிது | நிற்கும், உடம்புதான் வழுக்கும் | நல்லது | சூடு, வியர்வை |
| ரிக்ளைனர், கைப்பிடி ரகம் | கைப்பிடியே எதிரி | நிற்கும் | சுமார் | இழுக்கும் பாரம், தோல் புண் |
| ரிக்ளைனர், மோட்டார் ரகம் | உயரம் பொருந்தினால் மிக எளிது | நிற்கும் | சுமார் | விலை, மின்தடை |
| ஆஸ்பத்திரிக் கட்டில் | மிக எளிது | நிற்கும் | மிக நல்லது | இடம், கம்பியைப் பிடித்து இழுக்கும் ஆசை |

## மல்லாந்தா, ஒருக்களித்தா, குப்புறவா

குப்புற என்பதற்குப் பேச்சே இல்லை. எலும்பு கூடி, மருத்துவர் சரி என்று சொல்லும்வரை கிடையாது.

மல்லாந்து படுப்பது பாதுகாப்பு. ஆனால் ஆயுளெல்லாம் ஒருக்களித்தே தூங்கியவரை ஆறு வாரம் விட்டத்தைப் பார்க்கச் சொன்னால் அவர் தூங்கவே மாட்டார். ஒருக்களித்துப் படுத்தால் தையல் பிரிந்துவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். எலும்பு அசையாமல் இருந்து, சர்ஜனும் அனுமதித்தால், சில வாரங்களிலேயே பக்கவாட்டில் படுக்கலாம். சில மருத்துவர்கள் இன்னும் தள்ளிப்போடச் சொல்வார்கள். வலி வருவது எதனால் என்றால், மேலிருக்கும் கை முன்னால் சரிந்து நெஞ்சை மடக்குவதால். அதற்கு முன்பக்கம் ஒரு பெரிய தலையணையை அணைத்து அதன்மேல் கையை வைக்க வேண்டும். முதுகுக்கு ஒன்று, முழங்கால்களுக்கு நடுவே ஒன்று. முழுதாகத் திரும்பாமல் கால்வாசி திரும்பினாலே முதுகு வலிக்குப் பெரிய விடுதலை.

விலாக்களுக்கு நடுவே சிறு துளையிட்டு ஆபரேஷன் செய்தவர்களுக்கு நெஞ்செலும்பு அறுபட்டிருக்காது. அந்தப் பக்கம் சாய்வதுதான் வலிக்கும். மறுபக்கம் படுங்கள்.

பெண்களுக்கு ஒன்று. மார்பகத்தின் கனம் தையலை இரண்டு பக்கமும் இழுக்கும். இரவிலும், முன்பக்கம் கொக்கி வைத்த, கம்பி இல்லாத மெல்லிய பிரா அணிந்தால் வலி குறையும். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. மூன்றாவது வாரம் ஒரு நர்ஸ் பேச்சுவாக்கில் சொன்னார்.

## வலிக்கு: நேரம் வைத்து மாத்திரையா, வலித்தால் மட்டுமா?

வலியைப் பொறுத்துக்கொள்வது வீரம் என்று நினைக்கிறவர்களை இங்கேதான் பார்க்கலாம். அப்பா அப்படித்தான். வலிக்கிறது என்று இரும மாட்டார், ஆழமாக மூச்சு இழுக்க மாட்டார். சளி நுரையீரலில் தங்கும், நிமோனியாவுக்கு வழி திறக்கும். இந்த ஆபரேஷனுக்குப் பிறகு வலி மாத்திரை சொகுசுக்கு அல்ல. இருமவும் மூச்சுப் பயிற்சி செய்யவும் நடக்கவும் அது வேண்டும்.

முதல் ஓரிரு வாரம் மருத்துவர் சொன்ன இடைவெளியில் நேரம் வைத்துப் போடுவதுதான் என் ஓட்டு. வலி ஏறிய பிறகு போட்டால் அது இறங்க வெகுநேரம் ஆகும், தூக்கம் அதற்குள் போயிருக்கும். படுப்பதற்கு அரை மணி, முக்கால் மணி முன்பு ஒரு வேளை வருமாறு நேரத்தை அமைத்துக்கொள்ளுங்கள். வலி குறைந்த பிறகு, "வலித்தால் மட்டும்" என்பதற்கு மாறலாம். முதலில் பகல் வேளைகளை விடுங்கள், இரவு வேளையைக் கடைசியில்.

எந்த மாத்திரை என்பது இன்னொரு தேர்வு.

பாராசிட்டமால். முதல் வரிசை மருந்து. பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் எல்லாம் சேர்த்து 4 கிராம் என்பது மேல் எல்லை, அதாவது 500 மி.கி. மாத்திரை எட்டு. எடை குறைந்தவர், ஈரல் கோளாறு உள்ளவர், குடிப்பவர் ஆகியோருக்கு எல்லை இன்னும் குறைவு. ஜலதோஷ மாத்திரைகளிலும் கூட்டு வலி மாத்திரைகளிலும் இது ஒளிந்திருக்கும், அட்டையைப் படியுங்கள். என்னைப் போல, ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை போடுகிறவர்கள் தொடர்ந்து பல நாள் நிறைய எடுத்தால் ரத்தம் உறையும் அளவு மாறலாம். ரத்தம் உறையும் வேகத்துக்கான ஐஎன்ஆர் சோதனை பார்க்கும் இடத்தில் சொல்லிவிட வேண்டும். காய்ச்சலையும் இது மறைக்கும் என்பதால் மாத்திரை போடும் முன் சூடு பார்ப்பது நல்ல பழக்கம்.

டிராமடால் போன்ற ஓபியாய்டு (வலுவான வலி மருந்து) வகை. முதல் நாட்களின் கொடிய இரவுக்கு உதவும். மறைமுக விலை மலச்சிக்கல். முக்கினால் நெஞ்சு தெறிக்கும். இந்த மாத்திரையோடு மலம் இளக்கும் மருந்தையும் கேட்டு வாங்குங்கள். தலைசுற்றலும் இரவில் விழும் அபாயமும் உண்டு. குறட்டை, மூச்சுத்தடை உள்ளவர்களுக்கு மூச்சை மந்தமாக்கும். தூக்க மாத்திரையோடு சேர்ப்பது ஆபத்து. மூச்சுத்தடைக்காகத் தூங்கும்போது மாட்டிக்கொள்ளும் சிபாப் கருவி வைத்திருப்பவர்கள் பகல் குட்டித் தூக்கத்திலும் அதை விடக்கூடாது.

ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் வகை. வீட்டு மருந்துப் பெட்டியில் இருப்பதால் கை அதற்குத்தான் போகும். பைபாஸ் செய்துகொண்டவர்கள் அந்தச் சமயத்தில் இதைத் தொடக்கூடாது. மாரடைப்பு, பக்கவாத அபாயத்தைக் காரணம் காட்டி, அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2005இல் இந்த மாத்திரைகளுக்குக் கட்டம் கட்டிய எச்சரிக்கையைக் கட்டாயமாக்கியது. ரத்தக்கசிவும் சிறுநீரகப் பாதிப்பும் வேறு. வால்வு ஆபரேஷன் என்றாலும் கேட்காமல் போடாதீர்கள். மருத்துவர் தினமும் போடச் சொன்ன குறைந்த அளவு ஆஸ்பிரின் வேறு கணக்கு, அதை நிறுத்தக்கூடாது.

இடப்பக்க மார்பின் எரிச்சலுக்கு இந்த மூன்றும் அவ்வளவாகக் கேட்காது. அது நரம்பு வலி. அதற்கென்று தனி மருந்து இருக்கிறது, கேளுங்கள். வழவழப்பான துணியில் பனியன் போட்டுப் பாருங்கள்.

மருந்தில்லாத உதவிகளில் எனக்கு முதலிடம் அணைக்கும் தலையணைக்கு. இருமல், தும்மல், சிரிப்பு எது வந்தாலும் நெஞ்சோடு இறுக்கிக்கொள்ளலாம். அடுத்தது மாலை நடை. முதுகுப் பிடிப்புக்கு அசையாமல் கிடப்பதைவிட நடப்பதே மருந்து. தோள்பட்டை நடுவில் இளஞ்சூட்டு ஒத்தடம் தரலாம். தையலின் மேலும் மரத்துப்போன தோலின் மேலும் வேண்டவே வேண்டாம், சுடுவதே தெரியாது.

## வலியில்லாமலும் தூக்கம் வராவிட்டால்

தூக்க மாத்திரையைக் கேட்பதற்கு முன் மற்ற மாத்திரைகளின் நேரத்தைப் பாருங்கள். நீர் பிரியும் மாத்திரையைச் சாயங்காலம் போட்டால் இரவெல்லாம் கழிப்பறைதான். காலைக்கு மாற்ற முடியுமா என்று கேளுங்கள். இதயத் துடிப்பைக் குறைக்கும் மெட்டோப்ரலால் வகை மாத்திரைகள் சிலருக்குக் கெட்ட கனவைத் தரும். தானாக நிறுத்தினால் இதயம் எகிறும், மருத்துவரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளலாம். பகல் தூக்கம் அரை மணிக்குள். மருந்துக்கடையில் சீட்டில்லாமல் கிடைக்கும், தூக்கம் வரவைக்கும் அலர்ஜி மாத்திரைகள் வயதானவர்களைக் குழப்பத்தில் தள்ளும். தூக்கத்துக்கென்று விற்கும் மெலட்டோனின் வார்ஃபரினோடு முட்டலாம்.

எனக்கு வைத்தது மெக்கானிக்கல் வால்வு. இரவு அமைதியில் டிக் டிக்கென்று என் நெஞ்சுக்குள்ளிருந்தே கேட்கும். மின்விசிறிச் சத்தத்தைக் கூட்டி வைத்துத்தான் தூங்கப் பழகினேன். இப்போது மின்விசிறி நின்றால் கணவர் எழுந்துவிடுவார், நான் எழமாட்டேன்.

## எந்தப் படுக்கையும் தீர்க்காதவை

நெஞ்செலும்பு அசைவதுபோல, கிளிக்கென்று சத்தம் வருவதுபோல இருந்தால், தையலில் சீழோ நீரோ வந்தால், காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் படுக்கையை மாற்றிப் பயனில்லை, மருத்துவரை அழையுங்கள். ஒரு நாளில் ஒரு கிலோ, ஒரு வாரத்தில் இரண்டு கிலோவுக்கு மேல் எடை ஏறினாலும், நேற்றுவரை போதுமாயிருந்த சாய்வு இன்று போதாமல் நிமிர்ந்து உட்கார்ந்தால்தான் மூச்சு வருகிறது என்றாலும் நீர் தேங்குகிறது என்று அர்த்தமாகலாம். ரிக்ளைனரில் இருப்பவர்கள் இதைக் கோட்டை விடுவார்கள், ஏனென்றால் ஒரு பொத்தானில் நிமிர்த்திக்கொண்டு தூங்கிவிடலாம். படுத்தால் குத்தி, முன்னால் குனிந்தால் தணியும் நெஞ்சுவலி இதய உறையின் அழற்சியாக இருக்கலாம். படபடப்பும் தாறுமாறான துடிப்பும், ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பதும் உடனே சொல்ல வேண்டியவை. திடீர் மூச்சுத்திணறல், மயக்கம், அழுத்தும் நெஞ்சுவலி என்றால் ஆம்புலன்ஸ்.

## ரிக்ளைனரிலிருந்து கட்டிலுக்கு

ஆறு வாரத்துக்கென்று ரிக்ளைனரில் உட்கார்ந்த அப்பா நாலு மாதம் இறங்கவில்லை. வலி போய்விட்டது, எலும்பு கூடிவிட்டது என்று சர்ஜனே சொல்லிவிட்டார். கட்டிலில் படுத்தால் ஏதாவது ஆகிவிடும் என்ற பயம்தான் மிச்சம். முதலில் மதியத் தூக்கத்தை மட்டும் கட்டிலுக்கு மாற்றினோம், அதுவும் நாலு தலையணை அடுக்கி; என் முக்கோணத் தலையணை வீட்டுக்கு வருவதற்கு முந்தைய காலம் அது. இரவில் ரிக்ளைனரின் சாய்வை மூன்று நாளைக்கு ஒருமுறை கொஞ்சம் தாழ்த்தினோம். முதன்முதலாகக் கட்டிலில் தூங்கிய இரவு, விளக்கை அணைக்க வேண்டாம் என்றார்.

ஐந்தாவது மாதம் அந்த நாற்காலியை, பைபாஸ் முடித்து வந்த பக்கத்துத் தெருக்காரர் ஒருவருக்குக் கொடுத்தோம். அவர் அப்பாவைவிட ஓர் அடி குட்டை. உட்கார்ந்தால் கால் தரையில் எட்டவில்லை. நாலாம் நாளே திருப்பி அனுப்பிவிட்டார்.